நண்பகல் நிழல் எந்தப் பக்கம் விழும்?

வாசகர்களே, ஒரு சிறு கேள்வி. நண்பகலில் வெட்டவெளியில் நிற்கிறீர்கள். உங்கள் நிழல் எந்தத் திசையில் விழும்?

"வடக்கே" என்றுதான் நம்மில் பெரும்பாலோர் விடை சொல்வோம். சூரியன் கிழக்கே உதித்து, தெற்கு வானத்தின் வழியே சென்று, மேற்கே மறைகிறது. ஆகவே நண்பகலில் சூரியன் தெற்கே இருக்கும், நிழல் வடக்கே விழும் என்பது நாம் கற்ற பாடம். வழி தவறியவர்களுக்காக எழுதப்பட்ட கையேடுகள் பலவற்றிலும் இந்த விதி இருக்கிறது. நானும் இதை வகுப்பில் பல முறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இதை நம்பி நடந்து, எட்டு மாணவர்களை ஒரு நாள் கத்திரி வெயிலில் தவிக்கவிட்டவனும் நான்தான்.

தேவிபட்டினத்தில் நடந்தது

இராமநாதபுரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், பாக் நீரிணைக் கரையில் அமைந்த ஊர் தேவிபட்டினம். கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைக் காண நாள்தோறும் மக்கள் வந்துபோவதால் ஊரின் பெயரைப் பலரும் அறிவர். ஊரைத் தாண்டினால் உப்புத்தரையும் சீமைக்கருவேலங் காடுந்தான். கிழக்கே கடல், மேற்கே கிழக்குக் கடற்கரைச் சாலை, இடையே முட்காடு.

சில ஆண்டுகளுக்கு முன், மே மாதம் மூன்றாம் வாரத்தில், என் மாணவர்கள் எட்டுப் பேருடன் கரையோரமாக வடக்கு நோக்கி நடந்தேன். கடற்கரைத் தாவரங்களையும் பறவைகளையும் பார்ப்பது நோக்கம். பதினோரு மணியளவில் வெயில் தாங்காமல், "குறுக்கே போனால் சாலை வந்துவிடும், பேருந்து பிடிக்கலாம்" என்று காட்டுக்குள் நுழைந்தோம். ஒருவருக்கும் அது ஆபத்தான காரியமாகத் தோன்றவில்லை. மலையில்லை, பள்ளமில்லை, வழியில் ஓர் ஆறுகூட இல்லை.

சீமைக்கருவேல் நேராக நடக்க விடுவதில்லை. முள்ளுக்கு அஞ்சி இடப்புறம் பத்தடி, வலப்புறம் இருபதடி என வளைந்து வளைந்து சென்றோம். முக்கால் மணி நேரம் சென்றும் சாலை வரவில்லை. எல்லா மரமும் ஒரே உயரம், எல்லாத் திசையும் ஒரே தோற்றம். கடல் இரைச்சலைக் கொண்டு திசை அறியலாம் என்றால், அங்கே அதற்கும் வழியில்லை. இராமேசுவரம் பக்கத்தில் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும், பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். பெண் கடலில் அலை ஓசை மிகக் குறைவு. அரைக் கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டால் கடல் இருக்கும் சுவடே தெரியாது. இரண்டு மாணவர்களிடம் கைப்பேசி இருந்தது. ஆனால் கோபுரத் தொடர்பு கிடைக்காததால் திரையில் வரைபடம் வரவில்லை. வெற்றுத் திரையில் ஒரு நீலப் புள்ளி மட்டுமே நின்றது.

அப்போது ஒரு மாணவர் சொன்னார்: "சார், மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. சூரியன் தெற்கே இருக்கும். சூரியனைப் பார்த்து நின்றால் வலது கை மேற்கு. அந்தப் பக்கம் போனால் சாலை." தலைக்கு மேலிருந்த சூரியனைப் பார்க்க முடியவில்லை, காலடியில் முழம்கூட இல்லாத நிழல் ஒன்று கிடந்தது. அதற்கு எதிர்த்திசையைத் தெற்கு என்று கொண்டு, வலப்புறம் திரும்பி நடந்தோம். நான் பாராட்டி முதுகில் தட்டியும் கொடுத்தேன்.

நாற்பது நிமிடம் கழித்துக் காடு விலகியது. எதிரே சாலை இல்லை, கடல் இருந்தது. தண்ணீர்ப் பாட்டில்கள் காலியாகிவிட்டன. ஒரு மாணவர் கண் இருட்டுகிறது என்று சேற்றுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நல்லவேளையாக ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் அப்பக்கம் வந்தார். தம் கேனிலிருந்த நீரை மாணவருக்குக் கொடுத்துவிட்டு என்னைக் கேட்டார்:

"ரோட்டுக்குப் போறவுக ஏன் தம்பி கடலப் பாத்து வந்தீக?"

"சூரியன வச்சுத்தான் ஐயா திசை பார்த்தோம்."

"வைகாசியில நெழலு தெக்கயில்ல விழுகும்! நீங்க வடக்கேனு நெனச்சீகளாக்கும்?"

அவர் பள்ளிக்கூடம் சென்றவர் அல்லர். நான் பௌதிகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவன்.

விதி எங்கே தவறியது?

சூரியன் ஆண்டு முழுவதும் ஒரே பாதையில் செல்வதில்லை. சூன் 21 அளவில் அது பூமத்திய ரேகைக்கு வடக்கே 23½ பாகையில் உள்ள கடகரேகைக்கு நேர் மேலே நிற்கிறது. டிசம்பர் 21 அளவில் தெற்கே 23½ பாகையில் மகரரேகைக்கு நேர் மேலே நிற்கிறது. இவ்விரு எல்லைகளுக்கும் இடையே ஆண்டுதோறும் போய்வருகிறது. கடகரேகைக்கு வடக்கே வாழ்பவருக்குச் சூரியன் ஒருபோதும் தலையுச்சியைத் தாண்டி வடக்கே வராது. இலண்டனிலும் பாரிசிலும், ஏன், நம் தில்லியிலுங்கூட, நண்பகல் சூரியன் எந்நாளும் தெற்கேதான். கையேடுகளில் உள்ள விதி அங்கே பிறந்தது. அங்கே அது பிழையில்லாத விதி.

தேவிபட்டினமோ வடக்கு அட்சரேகை ஏறத்தாழ 9½ பாகையில் உள்ளது. சூரியன் வடக்கு நோக்கி வரும்போது ஏப்ரல் 14 அளவில், அதாவது சித்திரை முதல் நாளையொட்டி, இவ்வூரின் தலையுச்சிக்கு வந்துவிடுகிறது. பிறகு தாண்டி வடக்கே செல்கிறது. திரும்பி வருகையில் ஆகஸ்டு 28 அளவில், ஆவணி மாதத்தில், மீண்டும் தலையுச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட நான்கரை மாதமும் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே, நிழல் தெற்கே. நாங்கள் வழி தவறிய நாளில் சூரியன் சுமார் 20 பாகை வட அட்சரேகைக்கு நேர் மேலே இருந்தது. அது புவனேசுவரத்தின் அட்சரேகை. புவனேசுவரத்திற்கு மேலே உள்ள சூரியன் தேவிபட்டினத்துக்கு வடக்கேதானே இருக்க வேண்டும்?

தேவிபட்டினத்தில் ஒரு மீட்டர் உயரமுள்ள கோலைச் செங்குத்தாக நட்டால், நண்பகலில் அதன் நிழல் இவ்வாறு இருக்கும்:

டிசம்பர் 21: வடக்கே 65 செ.மீ.
மார்ச் 21: வடக்கே 17 செ.மீ.
ஏப்ரல் 14: நிழல் இல்லை
சூன் 21: தெற்கே 25 செ.மீ.
ஆகஸ்டு 28: நிழல் இல்லை
செப்டம்பர் 23: வடக்கே 17 செ.மீ.

நிழலில்லா நாள் ஊருக்கு ஊர் மாறும். கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10 வாக்கிலேயே வந்துவிடும். சென்னைக்கு ஏப்ரல் 24 வாக்கில்தான் வரும். தமிழ்நாடு முழுவதும் கடகரேகைக்குத் தெற்கே இருப்பதால், நம் மாநிலத்தின் எந்த ஊரும் இதற்கு விலக்கல்ல. நாம் மலையேறவும் காடு பார்க்கவும் கிளம்பும் கோடை விடுமுறை, இந்த விதி தலைகீழாகும் காலத்தில்தான் வருகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நம் முன்னோர் இதை அறியாதவர் அல்லர். அரண்மனை கட்டுமுன் கோல் நட்டு, நிழல் பார்த்துத் திசை குறித்த செய்தி சங்க நூலான நெடுநல்வாடையில் வருகிறது.

கைக்கடிகார முறை

கடிகாரத்தைக் கொண்டு திசை காணும் முறையும் நம் ஊருக்குப் பொருந்தாது. சிறிய முள்ளைச் சூரியனை நோக்கித் திருப்பி, அம்முள்ளுக்கும் 12 என்ற எண்ணுக்கும் இடைப்பட்ட கோணத்தை இரண்டாகப் பிரித்தால் அக்கோடு தெற்கைக் காட்டும் என்பர். மே மாதம் 20-ஆம் நாள் காலை 9 மணியளவில் தேவிபட்டினத்தில் இதைச் செய்து பாருங்கள். அப்போது சூரியன் வடக்கிலிருந்து வலமாக 71 பாகையில், அதாவது கிழக்குக்குச் சற்று வடக்கே இருக்கும். 9-க்கும் 12-க்கும் இடையே 90 பாகை. அதில் பாதி 45. ஆக, கடிகாரம் தெற்கு என்று காட்டும் இடம் 116 பாகை. உண்மையான தெற்கு 180 பாகை. பிழை 64 பாகை! நண்பகலில் செய்தாலோ வடக்கையே தெற்கு என்று காட்டிவிடும்.

கண்ணைக் கட்டினால் வட்டம்

"நேராக நடந்துகொண்டேயிருந்தால் எங்காவது போய்ச் சேரலாமே" என்று நீங்கள் கேட்கலாம். நேராக நடப்பதுதான் மனிதனுக்கு அரிதான காரியம். செருமனியின் டியூபிங்கன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உயிரியல் சைபர்னெட்டிக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் சௌமனும் அவர் குழுவினரும் இதை ஆராய்ந்து 2009-ல் வெளியிட்டனர். பியன்வால்ட் என்ற சமதளக் காட்டில் ஆறு பேரை நேராக நடக்கச் சொன்னார்கள். மேகம் மூடிய நாளில் நடந்த நால்வரும் வட்டமடித்தனர். அவர்களில் மூவர் தாம் வந்த பாதையையே குறுக்கே கடந்தனர். கடந்ததை அவர்கள் உணரவே இல்லை. வெயில் அடித்த நாளில் நடந்த இருவர் ஏறத்தாழ நேராகச் சென்றனர். கண்ணைக் கட்டி வெட்டவெளியில் விட்டபோது சிலர் போட்ட வட்டத்தின் விட்டம் 20 மீட்டருக்கும் குறைவு.

ஒரு கால் மற்றொன்றைவிட நீளமாக இருப்பதால் வட்டமடிக்கிறோம் என்ற பழைய விளக்கம் இச்சோதனையில் நிலைக்கவில்லை. ஒரே ஆள் ஒரு முறை இடமாகவும் மறு முறை வலமாகவும் வளைந்தார். "நேர்" என்பது எது என்று மூளை வைத்திருக்கும் கணக்கில் ஒவ்வோர் அடியிலும் சிறு பிழை சேர்கிறது. வெளியே ஒரு நிலையான குறி தெரிந்தால் அப்பிழை திருத்தப்படுகிறது. தெரியாவிட்டால் பிழைமேல் பிழை கூடிப் பாதை வளைகிறது.

இதற்கு மருந்து எளியது. போக வேண்டிய திசையில் ஒரே கோட்டில் நிற்கும் இரண்டு மரங்களைப் பிடியுங்கள். முதல் மரத்தை அடையுமுன் இரண்டாவதற்குப் பின்னால் மூன்றாவதைத் தேர்ந்தெடுங்கள். இவ்வாறு கோட்டை நீட்டிக்கொண்டே சென்றால் வளைவு நேராது. தேவிபட்டினத்தில் எங்களுக்கு இது ஒன்றே போதுமாயிருந்தது. கடலுக்கும் சாலைக்கும் நடுவே நின்ற நாங்கள், கடலை விட்டுக் கிளம்பியபோதே இப்படிக் கோடு பிடித்திருந்தால் சாலையைத் தவறவிட்டிருக்க முடியாது. காட்டுக்குள் நுழையுமுன் நம்மைச் சூழ்ந்துள்ள நீண்ட கோடுகள் எவை, கடலா, சாலையா, ஆறா, இரயில் பாதையா என்று மனத்தில் குறித்துக்கொள்வது முதற்பாடம்.

நம் ஊருக்குப் பொருந்தும் முறைகள்

ஆண்டு முழுவதும் ஏமாற்றாத முறை ஒன்று உண்டு. ஒரு கோலை நட்டு, நிழலின் நுனியில் ஒரு கல்லை வையுங்கள். இருபது நிமிடம் கழித்து நிழல் நகர்ந்த இடத்தில் இரண்டாவது கல்லை வையுங்கள். சூரியன் மேற்கு நோக்கிச் செல்வதால் நிழல் கிழக்கு நோக்கிச் செல்லும். ஆகவே முதற்கல் மேற்கு, இரண்டாவது கல் கிழக்கு. சூரியன் வடக்கே இருந்தாலும் தெற்கே இருந்தாலும் இது மாறாது. காலை 10 மணிக்குச் செய்தால் சுமார் 10 பாகை பிழை வரலாம். உச்சிவேளையை நெருங்க நெருங்கப் பிழை குறையும். உச்சிவேளையில் நிழல் குறுகியிருந்தாலும் நுனி நகர்வதைக் காணத் தடையில்லை. அன்று நாங்கள் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தால் போதும். நாற்பது நிமிட நடை மிஞ்சியிருக்கும்.

"சூரியன் கிழக்கே உதிக்கும்" என்பதும் முழு உண்மையன்று. மிகச் சரியாகக் கிழக்கில் உதிப்பது மார்ச் 21, செப்டம்பர் 23 ஆகிய நாட்களையொட்டியே. தேவிபட்டினக் கரையில் நின்று பார்த்தால், சூன் 21-ல் கிழக்குக்கு வடக்கே ஏறத்தாழ 24 பாகையிலும், டிசம்பர் 21-ல் தெற்கே அதே அளவிலும் உதிக்கும். 24 பாகை பிழையோடு 5 கிலோமீட்டர் நடந்தால், போக வேண்டிய கோட்டிலிருந்து 2 கிலோமீட்டர் விலகியிருப்போம். ஆனால் நமக்கு வாய்த்த ஒரு வசதியும் உண்டு. மே மாதத்தில் உதயம் முதல் 9 மணி வரை சூரியன் ஏறக்குறைய நேராக மேலே ஏறுகிறது. அதன் திசை ஓரிரு பாகைக்கு மேல் மாறுவதில்லை. அந்த மூன்று மணி நேரமும் கிழக்குக்குச் சுமார் 20 பாகை வடக்கே நிற்கும் நிலையான குறி அது.

இரவானால் துருவ நட்சத்திரம் வடக்கைக் காட்டும். அது அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, அதுவே ஏறத்தாழ அவ்வூரின் அட்சரேகை. தேவிபட்டினத்தில் அது சுமார் 9½ பாகை. கையை முழுதும் நீட்டி முட்டியை மடக்கினால், ஒரு முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. ஆகவே நமக்கு அது அடிவானத்துக்கு ஒரு முட்டி மேலே இருக்கும். மரமோ மூடுபனியோ எளிதில் மறைத்துவிடும். மே மாத இரவு ஒன்பது மணியளவில் நமக்கு வேறு துணை உண்டு. வடக்கே சப்தரிஷி மண்டலமும், தெற்கே இரண்டு முட்டி உயரத்தில் தென்சிலுவையும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து நிற்கும். இலண்டன்காரர் தம் ஊரில் தென்சிலுவையைக் காணவே முடியாது! குளிர்காலத்தில் வேட்டைக்காரன் எனப்படும் ஓரியன் மண்டலத்தின் இடுப்பில் உள்ள மூன்று நட்சத்திரங்களைப் பாருங்கள். அவை ஏறத்தாழ நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறைகின்றன.

சோழமண்டலக் கடற்கரை மாலுமிகள் துருவ நட்சத்திரத்தின் உயரத்தை அளக்கச் சிறு பலகையையும் கயிற்றையும் பயன்படுத்தியதை, 1850 வாக்கில் காங்கிரீவ் என்ற ஆங்கிலேயர் குறித்துவைத்தார். கயிற்றில் ஊருக்கு ஒரு முடிச்சு. ஓர் ஊருக்குரிய முடிச்சைப் பல்லில் கடித்துப் பலகையை எதிரே பிடிப்பார்கள். கீழ் விளிம்பு அடிவானத்தையும் மேல் விளிம்பு நட்சத்திரத்தையும் தொட்டால், தோணி அவ்வூரின் அட்சரேகைக்கு வந்துவிட்டது என்று பொருள்; இனி மேற்கே திருப்பினால் ஊர். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தாம் போகும் ஊர்களுக்கே முடிச்சிட்டனர்.

காந்த ஊசியும் கைப்பேசியும்

காந்தத் திசைகாட்டிக்கு நம் கரை மிகவும் ஏற்ற இடம். பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்கோடியையொட்டிச் செல்கிறது. அதனால் இங்கே காந்த ஊசி ஏறத்தாழ கிடையாகவே நிற்கிறது. இலண்டனில் தடையின்றித் தொங்கவிட்ட ஊசி 66 பாகை அளவுக்குக் கீழ்நோக்கிச் சரியும். அங்கே விற்பதற்காகச் செய்யும் ஊசியில் அச்சரிவை ஈடுசெய்ய எதிர் எடை வைப்பார்கள். அதை இங்கே கொண்டுவந்தால் எடையுள்ள முனை தாழ்ந்து, கண்ணாடியிலோ தட்டிலோ உரசித் தடைப்படலாம். நம் நாட்டிற்கு ஏற்ப அமைந்த ஊசியோ உண்மையான வடக்கிலிருந்து சுமார் 2 பாகை மட்டுமே விலகும். நடப்பவருக்கு அது பொருட்டல்ல. அருகில் அரிவாளோ, சாவிக்கொத்தோ, கைப்பேசியோ இருக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.

எங்கள் கைப்பேசி ஏன் கைவிட்டது? உண்மையில் அது கைவிடவில்லை. இருக்குமிடம் காட்டும் கருவி செயற்கைக்கோள்களிலிருந்து நேரே குறிப்புகளைப் பெறுகிறது; அதற்குக் கோபுரம் வேண்டியதில்லை. வரைபடத்தை இறக்குவதற்கே கோபுரம் வேண்டும். அந்த நீலப் புள்ளி சரியான இடத்தில்தான் நின்றது. அடியில் படம் இல்லை, அவ்வளவே. புறப்படுமுன் வீட்டிலேயே வரைபடத்தை இறக்கிவைத்திருந்தால் இக்கட்டுரைக்கே இடமிருந்திருக்காது.

வழி தவறியது தெரிந்தால் முதலில் செய்ய வேண்டியது, நிற்பது. நிழலில் உட்காருங்கள், ஒருவரையும் தனியே அனுப்பாதீர்கள். தாகம் எடுத்தால் இருக்கும் நீரைக் குடியுங்கள். பாட்டிலில் சேமித்த நீர் மயங்கி விழுந்தவனைக் காப்பாற்றாது. சீழ்க்கையை மூன்று மூன்று முறையாக ஊதுங்கள். 112 என்ற எண்ணை முயன்று பாருங்கள். உங்கள் நிறுவனத்தின் கோபுரம் எட்டாவிட்டாலும் வேறொன்றின் வழியே அழைப்பு செல்லக் கூடும். மலைக்காடுகளுக்குப் போவதானால் வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இன்றிப் போகாதீர்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

மாணவர்களே, உங்கள் வீட்டு முற்றத்தில் இன்றே ஒரு கோலை நடுங்கள். மணி பன்னிரண்டைப் பார்த்து நிழலை அளக்காதீர்கள். நம் கடிகார நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. அதற்கு மேற்கே இருக்கும் தேவிபட்டினத்தில் உண்மையான நண்பகல் சராசரியாக 12 மணி 14 நிமிடத்துக்கு வரும்; ஆண்டில் 11.58 முதல் 12.29 வரை முன்பின்னாகும். நிழல் மிகக் குறுகும் கணமே நண்பகல். வாரத்துக்கு ஒரு முறை அந்த நுனியைக் குறித்து வாருங்கள். சித்திரை பிறக்கும்போது அது கோலின் அடிக்குள் புகுந்து மறுபக்கம் கிளம்புவதைக் காண்பீர்கள்.

அந்தப் பெரியவர் எங்களைச் சாலை வரை கொண்டுவந்து விட்டார். மயங்கிய மாணவர் இரண்டு இளநீர் குடித்ததும் தெளிந்துவிட்டார். மறு ஆண்டு முதல் வகுப்பில் அந்த விதியைச் சொல்லுமுன், மாணவர்களை வெளியே அழைத்துச் சென்று முதலில் நிழலைப் பார்க்கச் சொல்கிறேன்.